களை எடுக்க மண்வெட்டி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடிப்பட்டம் நெருங்கினாலே நாளிதழ்களில் வீட்டுத்தோட்டம், காய்கறிச் சாகுபடி பற்றிய செய்திகள் கூடிவிடுகின்றன. எந்த ரகம், எத்தனை நாள் நாற்று, எந்தப் பூச்சிக்கு எந்தக் கரைசல் என்று விவரமாக எழுதுகிறீர்கள், நன்றி. ஆனால் கருவி என்று வரும்போது மட்டும் 'மண்வெட்டியால் கொத்திக் களை நீக்கவும்' என்ற ஒற்றை வரியோடு கடந்துவிடுகிறீர்கள். அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மண்வெட்டி மண்ணை வெட்டி அள்ளுவதற்கான கருவி. களைக்கு அது உரியதல்ல. ஒன்றையே இரண்டு வேலைக்கும் வைத்துக்கொள்வதால் இடுப்பு நோகிறது, பயிரின் வேர் அறுகிறது, களையோ பத்தே நாளில் திரும்ப வந்து நிற்கிறது.

ஓங்கி விழும் மண்வெட்டி மண்ணுக்குள் எளிதாக 10 செ.மீ. இறங்கும். கத்தரி, மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் தீனி தேடும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் அந்த ஆழத்துக்குள்தான் பரவியிருக்கின்றன. களையெடுத்த மறுநாள் உச்சி வெயிலில் மிளகாய்ச் செடி தலை தொங்கினால் தண்ணீர்க் குறை என்று நினைத்து மேலும் தண்ணீர் கட்டுகிறோம். உண்மையில் வேர் அறுபட்டிருக்கும். தக்காளி, கத்தரியைத் தாக்கும் பாக்டீரியா வாடல் நோய்க்கிருமிக்கும் இப்படி உண்டாகும் வேர்க்காயம்தான் வசதியான வாசல். போதாக்குறைக்கு, அடியில் உறங்கிக் கிடந்த களை விதைகளை வெட்டிப் புரட்டி மேலே கொண்டுவந்து விடுகிறோம். பொடி விதைகள் பலவும் வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். ஆழமாகக் கொத்தினால் களை ஒழியும் என்ற நம்பிக்கை நேர் எதிரான பலனைத் தருவது இதனால்தான். களைக்கருவி 2 செ.மீ. ஆழத்துக்குள் ஓடி, தண்டும் வேரும் சேரும் கழுத்தை அறுத்தால் போதும்.

முதலில் மண்வெட்டியையே பார்ப்போம். தோட்டம் வைத்திருப்பவருக்கு அது இல்லாமல் ஆகாது. வரப்பு கட்டவும், வாய்க்கால் இழுக்கவும், தண்ணீர் திருப்பவும், தென்னைக்கு வட்டப்பாத்தி எடுக்கவும் 20 முதல் 25 செ.மீ. அகல இலை (வெட்டும் தகடு) கொண்ட, காம்பில்லாமல் ஒன்றரை கிலோவுக்கு மேல் எடையுள்ள மண்வெட்டிதான் சரி. எடை அங்கே உதவி செய்கிறது. நாம் தூக்கினால் போதும், இறங்குவதை அதுவே பார்த்துக்கொள்ளும். வீட்டைச் சுற்றி நான்கைந்து பாத்தி மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த எடை வீண் சுமை. 15 செ.மீ. அகலம், ஒரு கிலோவை ஒட்டிய எடை போதுமானது. பெண்களும் வயதானவர்களும் இதைக் கொண்டு நெடுநேரம் வேலை செய்யலாம். கரிசல் மண்ணுக்கு அகல இலையை வாங்காதீர்கள். ஈரத்தில் மண் அப்பிக்கொண்டு ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு மடங்கு எடையைத் தூக்க வேண்டியிருக்கும். அங்கே குறுகிய இலையும், அப்பிய மண்ணை வழிக்க இடுப்பில் செருகிய ஒரு மூங்கில் சிம்பும்தான் வழி. செம்மண்ணிலும் சரளையிலும் அகலத்தைவிட இலையின் தடிமனுக்கே மதிப்பு. கல்லில் பட்டு வாய் (கூர் விளிம்பு) மடங்கும் மெல்லிய தகடு அங்கே ஒரு பட்டம்கூடத் தாங்காது.

கடையில் எதைப் பார்ப்பது? சாயம் பூசிய பளபளப்பைப் பார்க்காதீர்கள். காம்பு நுழையும் கண்ணைப் பாருங்கள். இலையோடு ஒரே இரும்பாகக் காய்ச்சி அடித்த கண் என்றால் நல்லது. தகட்டை வெட்டி, வளையத்தைப் பற்றவைத்து ஒட்டியது என்றால் பற்று இரு பக்கமும் முழுதாக ஓடியிருக்கிறதா, இடையில் ஓட்டை விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மண்வெட்டி முறிவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். காம்பு போடாத இலையைக் கயிற்றில் தொங்கவிட்டு இரும்புத் துண்டால் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். சத்தம் மொத்தையாக வந்தால் எங்கோ விரிசல் இருக்கலாம். வாய்ப்பகுதியில் ஒரு சிறு அரத்தை அழுத்தி ஓட்டிப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. அரம் வெண்ணெயில் ஓடுவதுபோல் இறங்கினால் இரும்பு மிருது, கூர் நிற்காது. வழுக்கிக்கொண்டே போனால் தோய்ச்சல் (காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கடினம்) அதிகம், கல்லில் பட்டால் சில்லு தெறிக்கும். லேசாகக் கடித்து, மெல்லிய துகளாக வந்தால் சரியான பதம். உங்கள் ஊரில் கொல்லுப்பட்டறை இன்னும் இயங்குகிறது என்றால் பழைய லாரி வில்பட்டையில் அடித்துத் தரச் சொல்லுங்கள். வில்பட்டை இரும்புக்குக் கூர் நிற்கும் குணம் இயல்பிலேயே உண்டு. கடையில் கொடுப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் கேட்பார்கள், தரலாம்.

இனி களைக்கு வருவோம். நம் ஊர்க் களைக்கொத்து அருமையான கருவி. 8 முதல் 10 செ.மீ. அகல இலை, அரைக் கிலோவுக்குள் எடை, கையின் நீட்சிபோல் செடிக்கும் செடிக்கும் இடையே புகுந்து வரும். சின்ன வெங்காயப் பாத்தியிலும், நாற்றங்காலிலும், மேட்டுப்பாத்தியில் நெருங்கி நிற்கும் கீரையிலும் அதற்கு ஈடு இல்லை. அதன் குறை காம்பில்தான் இருக்கிறது. ஓரடி ஒன்றரையடிக் காம்பை வைத்துக்கொண்டு ஒரு ஏக்கர் நிலக்கடலையை நாள் முழுக்கக் குனிந்தே கொத்துபவர்கள் பெரும்பாலும் பெண்கள். இடுப்பு வலியை வயதின்மேலும் விதியின்மேலும் போட்டுவிட்டு மறுநாளும் அதே கொத்தோடு போகிறார்கள்.

இதற்கு ஒரு முன்னுதாரணம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இருக்கிறது. அங்கே கீரைக்கோசு (லெட்யூஸ்), சர்க்கரைக் கிழங்கு (சுகர் பீட்) வயல்களில் நாற்றுக் கலைக்கவும் களை எடுக்கவும் மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளர்களுக்குக் குட்டைக் காம்புக் கொத்துதான் கொடுக்கப்பட்டது. ஸ்பானிய மொழியில் அதை 'எல் கோர்ட்டீட்டோ', அதாவது குட்டையன் என்றார்கள். நீளக் காம்பு தந்தால் வேலை சுத்தமாக இருக்காது, பயிர் வெட்டுப்படும் என்பது பண்ணையார்களின் வாதம். கருவி உடைந்தோ பழுதாகியோ இருந்தால்தான் அது ஆபத்தான கருவி என்று மாநிலத் தொழில் பாதுகாப்புத் துறையும் கைவிரித்தது. 1975 ஜனவரியில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அந்த விளக்கம் மிகக் குறுகியது என்று சொல்லிவிட்டது. பழுதில்லாத கருவியானாலும், அதைப் பயன்படுத்தும் விதமே உடலைக் கெடுத்தால் அதுவும் ஆபத்தான கருவிதான் என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டில் குட்டைக் கொத்து தடை செய்யப்பட்டது. நீளக் காம்பைக் கொண்டு அதே வேலையைச் செய்தார்கள். கீரைக்கோசுச் சாகுபடி நின்றுபோய்விடவில்லை.

காம்பின் நீளத்தைக் கருவி தீர்மானிப்பதைவிட, பிடிப்பவரின் உயரம் தீர்மானிக்க வேண்டும். வெட்டி அள்ளும் மண்வெட்டிக்கு, தரையில் நிறுத்தினால் காம்பின் நுனி இடுப்பெலும்பை ஒட்டி வர வேண்டும். பெரும்பாலோருக்கு அது 80 முதல் 90 செ.மீ. நின்றபடி களை அறுக்கும் கருவிக்கு மோவாய்க்கும் காதுக்கும் இடையே நுனி நிற்க வேண்டும். 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு 130 முதல் 140 செ.மீ. காம்பு அமையும். பழைய களைக்கொத்தில் நீளமான கழியைச் செருகிவிட்டால் ஆயிற்று என்று நினைத்துவிடக் கூடாது. அந்தக் கொத்தின் இலை குனிந்த வேலைக்காகவே நன்கு உள்ளே மடிந்திருக்கும். நிமிர்ந்து நின்று இழுத்தால் வாய் தரையில் படாமல் கழுத்து மட்டும் உரசும். 'நீளக் காம்பு நமக்கு ஒத்துவராது' என்று பலர் கைவிடுவது இந்த ஒரே காரணத்தால். கொல்லரிடம் கொடுத்துக் கழுத்தைக் காய்ச்சிச் சற்று விரித்துத் தரச் சொல்ல வேண்டும். சோதனை எளிது. வேலை செய்வதுபோலவே நிமிர்ந்து நின்று கருவியைச் சமதரையில் வையுங்கள். இலை தரையோடு ஏறக்குறையப் படுத்திருக்க வேண்டும். வாய் தரையைத் தொட, கழுத்துப்பக்கம் இரண்டு விரல் நுழையும் அளவு தூக்கி நின்றால் அது அறுக்கும். இலை செங்குத்தாக நின்றால் தோண்டும். வாய் தூக்கிக்கொண்டு நின்றால் எதுவும் செய்யாது.

நின்றபடி தள்ளியும் இழுத்தும் அறுக்கும் கருவிகள் இப்போது விவசாயக் கருவிக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் வீட்டுத்தோட்டத்துக்கு ஏற்றது, 'ப' எழுத்தைப் போல் வளைத்த இரும்புப் பட்டையைக் காம்பில் மாட்டிய கருவி. அடிப்பட்டையின் இரு விளிம்பிலும் கூர் இருக்கும். முன்னே தள்ளினாலும் பின்னே இழுத்தாலும் அறுக்கும், மண் அதன் நடுவழியே நழுவிப் போய்விடும். 12 முதல் 15 செ.மீ. அகலம் போதும். இதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்க வேண்டும். முன்னோக்கி நடந்தால் அறுத்த களையை நாமே மிதித்து மண்ணில் பதித்துவிடுவோம், அது மறுபடியும் வேர் விட்டுவிடும். முற்றிய களையிலும், புல் பின்னிக் கிடக்கும் தரையிலும், கல் நிறைந்த இடத்திலும் இந்தக் கருவி வேலைக்காகாது. இரண்டு இலை நான்கு இலைப் பருவத்தில் இருக்கும் களைக்குத்தான் அது. நீளமான வரிசையாகப் பயிர் வைத்திருப்பவர்கள் ஒற்றைச் சக்கரம் வைத்த களைக்கருவியை எடுத்துக்கொள்ளலாம், வேலை இன்னும் சுளுவாகும்.

எந்தக் கருவியானாலும் வரிசை இல்லாவிட்டால் பயனில்லை. கைவிதைப்பாக இறைத்துவிட்டால் நீளக் காம்பை உள்ளே விடவே முடியாது. கருவியை முதலில் வாங்கி, அதன் இலை அகலத்தோடு பக்கத்துக்கு ஒரு சாண் இல்லாவிட்டாலும் ஏழெட்டு செ.மீ. விட்டு, வரிசை இடைவெளியைத் தீர்மானியுங்கள். 15 செ.மீ. கருவிக்கு 30 செ.மீ. வரிசை தாராளம். திருந்திய நெல் சாகுபடியில் 22.5 அல்லது 25 செ.மீ. சதுர நடவு நட்டு, கோனோவீடர் என்ற உருளைக் களைக்கருவியை இரு திசையிலும் ஓட்டுவது இந்தக் கணக்கின்படிதான். வயலில் ஒப்புக்கொண்ட இந்த முறையைக் காய்கறிப் பாத்திக்கு ஏன் கொண்டுவராமல் இருக்கிறோம் என்பது விளங்கவில்லை.

எப்போது கொத்துவது என்பதும் கருவியளவு முக்கியம். தண்ணீர் கட்டி இரண்டு மூன்று நாள் கழிந்து மேல்மண் வெளுத்து வரும்போது கொத்த வேண்டும். ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிடித்தால் புட்டு மாவைப் போலப் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிடித்தது உதிராமல் உருண்டையாகவே நின்றால் அன்று நிலத்தில் இறங்காதீர்கள். ஈரக் கரிசலில் கொத்தினால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து, காய்ந்தபின் கல்லாகிவிடும். வெயில் ஏறும் காலை வேளையில் கொத்தினால் அறுபட்ட களை மாலைக்குள் வதங்கிச் சாகும். மேகமூட்டத்திலோ மழைக்கு முன்போ கொத்துவது களையை நாற்றுப்பிடுங்கி நடுவது போலத்தான். விதைத்த 15 முதல் 20 நாளில் முதல் கொத்து, 30 முதல் 35 நாளில் இரண்டாம் கொத்து என்பது பெரும்பாலான காய்கறிக்குப் பொருந்தும். இந்த மேல்கொத்து களையை மட்டும் எடுப்பதில்லை. மேலே உதிரி மண் ஒரு போர்வையாகக் கிடந்து அடி ஈரம் ஆவியாகாமல் காக்கிறது, மானாவாரிக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். நிலக்கடலையில் 40 முதல் 45 நாளில் ஜிப்சம் இட்டு மண் அணைப்பதோடு கொத்தை வீட்டில் வைத்துவிட வேண்டும். அதன்பின் காய் பிடிக்கும் விழுது மண்ணில் இறங்கும் காலம். அப்போது கொத்தினால் காயைத்தான் வெட்டுகிறோம்.

களையின் குணம் அறியாமல் கொத்துவதால் வரும் கேடும் உண்டு. கோரைதான் இதில் முதல். தரைக்கடியில் கிழங்குக்குக் கிழங்கு நூல் போன்ற தண்டால் கோத்துக்கொண்டு சங்கிலியாகக் கிடக்கும். ஒரு கிழங்கு முளைத்து நிற்கும்போது அதே சங்கிலியில் உள்ள மற்றவை பெரும்பாலும் உறங்கும். மண்வெட்டியால் வெட்டிச் சங்கிலியை அறுத்தால் உறங்கியவை எல்லாம் தனித்தனியாக முளைக்கத் தொடங்கும். ஒன்று பத்தாகும் ரகசியம் இதுதான். பயிர் இல்லாத கோடையில், சித்திரை வெயிலில் ஆழமாகப் புரட்டி, கிழங்குகளை மேலே காயவிட்டுப் பொறுக்கி எடுப்பது ஒரு வழி. பயிர் நிற்கும்போது ஆழம் போகாமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தரையோடு அறுத்துக்கொண்டே வருவது இன்னொரு வழி. இலை விட விட அறுத்தால் கிழங்கின் சேமிப்பு தீரும். அதற்குப் பொறுமை வேண்டும், ஒரு பட்டத்தில் முடிகிற வேலையில்லை. அருகம்புல்லைத் துண்டாக்கக் கூடாது. ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. பல் வைத்த கொத்தால் மண்ணைத் தளர்த்தி, கொடியை முழுசாக உருவி எடுக்க வேண்டும். பருப்புக்கீரையை அறுத்து ஈர மண்ணில் போட்டுவிட்டு வந்தால் கிடந்த இடத்திலேயே வேர் விடும். அதைக் கூடையில் போட்டு எடுத்து வாருங்கள், கூட்டுக்கு ஆகும். பார்த்தீனியம் பூப்பதற்கு முன், கையுறை போட்டுக்கொண்டு வேரோடு எடுக்க வேண்டும்.

கூர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அரிவாளைத் தீட்டாமல் அறுப்புக்குப் போகிறவர் யாருமில்லை. ஆனால் களைக்கொத்தை வாங்கிய நாள் முதல் தேய்ந்து ஒழியும் நாள் வரை தீட்டாதவர்களே அதிகம். மழுங்கிய கொத்து களையை அறுக்காமல் வளைத்துவிட்டுத் தாண்டும். அதனால் ஓங்கிப் போடுகிறோம், ஓங்குவதால் ஆழம் போகிறது, தோளும் வலிக்கிறது. 20 அல்லது 25 செ.மீ. தட்டை அரம் ஒன்று வாங்கி வையுங்கள். கருவியைத் திண்ணை ஓரத்தில் கிடத்தி ஒரு காலால் காம்பை மிதித்துக்கொண்டு, கையுறையோடு, அரத்தை முன்னோக்கித் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். திரும்ப இழுக்கும்போது தூக்கிவிடுங்கள், அரத்தின் பல் தேயாது. ஏற்கெனவே எந்தப் பக்கம் சாய்வு இருக்கிறதோ அந்தப் பக்கம் மட்டும் அராவ வேண்டும். இரு பக்கமும் அராவினால் வாய் மெலிந்து மடங்கும். களைக்கருவிக்கு 25 முதல் 30 பாகை சரிவும், மண்வெட்டிக்கு அதைவிடத் தடித்து 40 பாகையை ஒட்டிய சரிவும் நிற்கும். முடிந்ததும் மறுபக்கம் விரலை வாய்க்குக் குறுக்கே மெல்லத் தடவினால் ஒரு பிசிறு தட்டும். அரத்தை அங்கே படுக்கையாக வைத்து ஒரே இழுப்பில் அதை எடுத்துவிடுங்கள். சாணைச் சக்கரத்தில் கொடுப்பதானால் அடிக்கடி தண்ணீரில் நனைத்து நனைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். வாய் நீலம் பாரித்துவிட்டால் தோய்ச்சல் போய்விட்டது என்று பொருள். பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. பாதி தேய்ந்த இலையைத் தூக்கி எறிய வேண்டாம். உருக்குச் சேர்த்து அடித்துத் தரும் கொல்லர் கிடைத்தால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும்.

காம்புக்கு, தென் மாவட்டங்களில் கணை என்போம், நாட்டுக் கருவேலமும் உசிலையும் காலங்காலமாகக் கை கண்டவை. நீளக் காம்புக்கு எடை குறைந்த கெட்டி மூங்கில் நல்லது. மர வரி நெடுக்காக ஓட வேண்டும், குறுக்கே ஓடி வெளியேறும் வரி முறிவுக்கு வழி. கழுத்தருகே முடிச்சு இருந்தால் அந்தக் கழியைத் தள்ளிவிடுங்கள். பச்சைக் கழியைப் போட்டால் இரண்டே மாதத்தில் வற்றிச் சுருங்கி ஆடத் தொடங்கும். நிழலில் உலர்த்திய பின்பே செருக வேண்டும். தலைப்பக்கம் சற்றுப் பருத்த கழியாகச் சீவி, கண்ணின் வெளிப்பக்கமிருந்து நுழைத்து இறக்கினால் வேலை செய்யச் செய்ய இறுகுமே தவிரக் கழலாது. நேர்க்கழி என்றால் ஆப்பு அவசியம். காம்பு ஆடுகிறது என்று இரவில் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவது பரவலான பழக்கம். மரம் ஊதி அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னைவிடத் தளர்ந்துபோகும். மேலெழும்பும் இலை பின்னால் நிற்பவர் மேல் பறந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஆப்பை மாற்றுங்கள். பாறையையோ வேர்க்கட்டையையோ மண்வெட்டிக் காம்பால் நெம்பாதீர்கள், அது கடப்பாரையின் வேலை.

பிடிக்கும்போது இரண்டு கையும் அகன்றிருக்கட்டும். ஒரு வரிசைக்கு வலக்கை முன்னே என்றால் அடுத்த வரிசைக்கு இடக்கை முன்னே. முதலில் கோணலாக வரும், ஒரு வாரத்தில் பழகிவிடும், முதுகின் ஒரே பக்கம் வலிப்பது நிற்கும். மண்வெட்டியை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்க வேண்டிய தேவை பதமான மண்ணில் வராது. வந்தால் மண்ணுக்கு ஈரம் போதவில்லை. வேலை முடிந்ததும் மண்ணைச் சுரண்டி, துடைத்து, இலையில் ஒரு துளி எண்ணெய் தடவித் தொங்கவிட வேண்டும். சாணிக்குழி ஓரத்திலும் உரமூட்டை மேலும் கிடத்தினால் ஒரு மழைக்காலத்தில் துரு தின்றுவிடும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. வேளாண்மைத் துறை மானியத்தில் வழங்கும் கைக்கருவித் தொகுப்பில் கடப்பாரை, மண்வெட்டி, களைக்கொத்து, கதிர் அரிவாள், இரும்புச் சட்டி என்று பயனுள்ள பொருள்களே இருக்கின்றன. அதில் களைக்கொத்தைக் குட்டைக் காம்பு, நீளக் காம்பு இரண்டில் ஒன்றை விவசாயியே தேர்ந்தெடுக்கும்படி செய்ய வேண்டும். கூடவே ஒரு தட்டை அரமும் சேர்க்க வேண்டும். ஊரக வேலைத் திட்டத்துக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களின் உயரத்துக்கு ஏற்ற காம்பு எது என்பதை வட்டார வேளாண் விரிவாக்க மையங்களில் கருவியைக் கையில் கொடுத்தே காட்டலாம், அரைமணி நேர வேலை. ஆடிக்கு முன்பாகத் தங்கள் வேளாண் பக்கத்தில் இதைப் படத்துடன் வெளியிட்டால், இந்த ஆண்டு புதுக் கொத்து வாங்கப் போகிறவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
காய்கறி விவசாய வாசகர்,
ஒட்டன்சத்திரம்